கடைசி வரி இருக்கட்டும்

கீழே சலவைக் கடையில் அண்ணி இஸ்திரியைத் தொடங்கினால் மேலே சமையலறைச் சன்னலில் ஆவி படியும். அந்த வீட்டில் அதுதான் காலை. ஆவி படிந்ததும் அண்ணியின் தம்பி மனைவி முட்டையை வேகப் போடுவாள். அவள் கணவன் சாப்பாட்டு மேசையில் ஒரு வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு, கிணற்றில் குதிக்கப் போகிறவன் போல மூச்சை இழுத்துப் பிடிப்பான்.

ஒரு பக்கம் எழுத வேண்டும். அதற்குத்தான் அந்த மூச்சு.

அவன் வேலை கோதுமை. கண்ணால் பார்த்த கோதுமை இல்லை. இன்னும் கதிர்கூட விடாத கோதுமை. ஒரு தரகு அலுவலகத்தில் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, வரப்போகிற மாதங்களின் கோதுமையை இன்றைக்கே விலை பேசி வாங்குவான், விற்பான். "கோதுமையைக் கையால தொடாத கோதுமை வியாபாரி என் தம்பிதான்" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அண்ணி சொல்வாள். கிண்டல்தான். ஆனாலும் சொல்லும்போது முதுகு கொஞ்சம் நிமிரும்.

எண்கள் அவன் பேச்சைக் கேட்கும். போன வாரத்து விலை, போன வருடத்து விலை, எது கேட்டாலும் நாக்கு நுனியில் இருக்கும். எழுத்துகள்தான் கேட்காது. "எண்ணெல்லாம் வெச்ச எடத்துல இருக்கு. எழுத்துதான் எறும்பு மாதிரி ஊருது. நான் என்ன பண்ணட்டும்?" என்பான்.

அவளோ மெய்ப்புப் பார்ப்பவள். பள்ளி அறிவியல் பாடநூல்கள் அச்சாகும் இடத்தில், பக்கங்கள் அச்சேறும் முன் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து பிழை திருத்துவது அவள் வேலை. அதிகம் பேச மாட்டாள். பேச வேண்டியதையெல்லாம் தாளின் ஓரத்தில் எழுதிவிடுவாள். கல்யாணமான புதிதில் அவன் கடைக்கு எழுதிய சாமான் சீட்டை வாங்கிப் பார்த்தவள், தன்னையறியாமல் அதில் நாலு இடத்தில் சுழித்துவிட்டாள். அண்ணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பாம்புக்கும் கீரிக்கும் இல்ல முடிச்சுப் போட்டிருக்கோம்!" என்றாள்.

அதுவரை அது வீட்டுக்குள் சிரிக்கிற விஷயம். பழைய மேலாளர் இருந்தவரை வாடிக்கையாளர்களிடம் தொலைபேசியில் பேசினால் போதும். புதிதாக வந்தவர் அதை நிறுத்தினார். வாய்வார்த்தை காற்றோடு போகும், ஒவ்வொரு வர்த்தகரும் தினமும் சந்தை திறக்கும் முன் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும், அதுதான் வாடிக்கையாளர்களுக்குப் போகும் என்றார். நியாயமான ஏற்பாடுதான். அவனுக்குத்தான் தலையில் இடி.

ஒரு மாதம் தட்டுத் தடுமாறி எழுதினான். ஒருநாள் மேலாளர் எல்லோர் முன்னாலும் அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்தார். ஒரே பக்கத்தில் 'விலை' மூன்று விதமாக இருந்தது.

"விலைங்கற வார்த்தையையே எழுதத் தெரியாதவர், விலையைப் பத்தி என்ன சொல்லப் போறார்?" என்று கேட்டார். "எழுத்துல இவ்வளவு அலட்சியம்னா, அடுத்தவங்க பணத்துல எவ்வளவு இருக்கும்?"

காலாண்டு முடிவதற்குள் இது சரியாகவில்லை என்றால் மேசையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு அவனைப் பின்னறைக்கு, ரசீதுகளை அடுக்குகிற வேலைக்கு, அனுப்பிவிடுவேன் என்றார்.

அன்று மாலை அவன் சாப்பிடவில்லை. கஞ்சியைக் கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தான்.

"அந்த ஆளு சொன்னது சரியான்னு யோசிக்கிறியா?" என்றாள் அண்ணி.

"சரியா இருக்குமோன்னு யோசிக்கிறேன்."

"என் கடைக்கு ஒரு டாக்டர் வர்றார். அவர் எழுதறது எறும்புக்குக்கூடப் புரியாது. யாராவது அவரை ரசீது அடுக்கச் சொல்றாங்களா?"

"டாக்டர் தப்பா எழுதலைக்கா. புரியாம எழுதறார். நான் புரியற மாதிரியே தப்பா எழுதறேன்."

அவள்தான் மெல்லச் சொன்னாள். "நான் திருத்தித் தர்றேங்க. நீங்க எழுதுங்க. அப்புறம் நான் பார்த்துக்கறேன்."

மறுநாளிலிருந்து அப்படித்தான் நடந்தது. அவன் எழுதுவான். அவள் சிவப்பில் திருத்தி, கணினியில் அடித்து, அவன் பெயரில் அலுவலகத்துக்கு அனுப்புவாள். அவன் திரும்பப் படிக்க மாட்டான். படித்தாலும் எறும்புதான். "நீ பார்த்துட்டேன்னா சாமி பார்த்த மாதிரி" என்று சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவான்.

அவனுடைய தாளில் ஒரு வழக்கம் இருந்தது. என்ன எழுதினாலும் கடைசியில் ஒரு வரி வரும். 'விலை இதற்குக் கீழே போனால் நான் சொன்னது தப்பு; யோசிக்காமல் வெளியே வந்துவிடுங்கள்' என்று ஓர் எண்ணும் போட்டிருப்பான். விலை இறங்கும் என்று சொல்லும் நாளில் அதுவே 'மேலே போனால்' என்று மாறும். அது இல்லாத நாளே கிடையாது.

அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கும் தெரியும். மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது அண்ணி கொடியின் கோடியில் ஒரு சின்னக் கைத்துண்டைத் தனியாகத் தொங்கவிடுவாள். அந்தத் துண்டு மழைக்காற்றில் மடிந்து கொடிமேல் ஏறி விழுந்தால், வெயில் எவ்வளவு அடித்தாலும் சரி, ஊர்ப்பட்ட துணியையும் அள்ளிக்கொண்டு இறங்கிவிட வேண்டும். சிறு வயதில் தம்பியைக் காவல் நிறுத்திவிட்டுக் கீழே போவாள். "துண்டு ஏறிடுச்சுன்னா வானத்தைப் பார்க்காதே. பார்த்தா யோசிப்பே. யோசிச்சா நனையும்." அண்ணிக்கு இது துணி சம்பந்தப்பட்ட விஷயம். அவன் அதை எடுத்துப் போய் வேறெங்கோ கட்டிவிட்டான்.

முதலில் அவள் எழுத்தை மட்டும்தான் தொட்டாள். பிறகு ஒருநாள் அலுவலகத்திலிருந்து குறிப்பு வந்தது: ஒரு பக்கத்துக்கு மேல் ஒரு வரிகூடப் போகக் கூடாது. அன்றைய தாள் இரண்டு வரி மிஞ்சியது. அவள் வேலைக்குக் கிளம்ப வேண்டும். பைக்குள் ஏழாம் வகுப்பு அறிவியல் பக்கங்கள் திருத்தி முடித்துக் கிடந்தன. பாடநூலில் ஒரே செய்தி இரண்டு தரம் வந்தால் வெட்டுவாள். 'ஒருவேளை', 'எனக்குத் தெரிந்தவரை' என்று இழுத்தால் வெட்டுவாள். கைப்பழக்கம். அந்தக் கை தினமும் திரும்பத் திரும்ப வந்த கடைசி வரியின் மேல் போய் நின்றது.

உண்மையைச் சொன்னால் இடம் மட்டும் காரணமில்லை. ஒவ்வொரு காலையும் 'நான் சொன்னது தப்பு' என்று அவன் தன் பெயருக்கு மேலேயே எழுதிக் கொடுப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஏற்கெனவே ஊர் சொல்கிறது. இவன் வேறு ஏன் சொல்ல வேண்டும்?

வெட்டினாள். 'ஒருவேளை' இரண்டும் போயின. பக்கம் கச்சிதமாக உட்கார்ந்தது. மறுநாளும் அப்படியே.

அந்த வாரமே அவன் துள்ளிக்கொண்டு வந்தான். "மேலாளர் கூப்பிட்டுச் சொன்னார், இப்பத்தான் நீங்க ஒரு வர்த்தகர் மாதிரி எழுதறீங்கன்னு. என் தாளைப் பக்கத்து மேசைக்காரர்கிட்ட காட்டி, இப்படி எழுதுங்கன்னாரு. அவர் எழுத்து முத்து முத்தா இருக்கும் தெரியுமா? அவர்கிட்டயே!"

"யார் எழுதினதைக் காட்டினாரு?" என்றாள் அண்ணி.

"என்னோடதைத்தான்."

"உன்னோடதா?" அண்ணி அவளைப் பார்த்துக் கண்ணடித்தாள். அவள் தலையைக் குனிந்து ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். காது மடல் சூடாக இருந்தது. பெருமைதான்.

அந்த மகிழ்ச்சியில் அண்ணி அவன் நாற்காலிக்கு ஒரு மெத்தைத் திண்டு தைத்துக் கொடுத்தாள். யாரோ வாங்க மறந்துபோன திரைச்சீலைத் துணி. மஞ்சளில் பெரிய பெரிய இலைகள். "நல்லா அழுத்தி உட்காரு. எவன் எழுப்பறான்னு பார்க்கறேன்" என்றாள்.

வெளியே மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. கடையில் உலராத துணியின் புளித்த வாசம். ஆனால் கோதுமை விளைகிற தூர தேசங்களில் மழை இல்லை என்று அவன் சொன்னான். பயிர் காய்கிறது, விலை ஏறும் என்று எழுதினான். அவளும் அதையே இன்னும் திருத்தமாக எழுதி அனுப்பினாள். விலை ஏறவும் ஏறியது.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. அவள் வேலை முடிந்து நனைந்த குடையோடு படியேறும்போது, கடை வாசலில் அண்ணி நின்றிருந்தாள். கையில் இஸ்திரிப் பெட்டி இல்லை.

"மேலே போம்மா. அவன் சீக்கிரமே வந்துட்டான். என்னன்னு கேட்டா பேச மாட்டேங்கறான்."

அவன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான். முன்னால் அன்றைய தாள். அச்சடித்தது. ஒவ்வோர் எழுத்தின்மேலும் விரலை வைத்துக் குழந்தை போலப் படித்துக்கொண்டிருந்தான்.

"உட்காரு" என்றான். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"இன்னிக்குக் காலையில அங்க மழை பெஞ்சிடுச்சு. பெரிய மழை. இருநூத்திப் பத்துக்குக் கீழ போனா தப்புன்னு எழுதியிருந்தேன். போச்சு. நான் வித்துட்டு வெளிய வந்துட்டேன். கொஞ்சம் நஷ்டம், பெருசா ஒண்ணும் இல்ல. மத்தியானம் ரொட்டிக்காரர் போன் பண்றார். 'தம்பி, இறங்கிக்கிட்டே போகுதே, பிடிச்சுக்கிட்டே இருக்கட்டுமா?'ங்கறார். நான் சொல்றேன், ஐயா, காலையிலயே வெளிய வந்திருக்கணுமே, கடைசி வரியில போட்டிருந்தேனேன்னு. 'எந்தக் கடைசி வரி?'ங்கறார்."

ரொட்டிக்காரர் என்றால் நகரத்துப் பாதிக் கடைகளுக்கு ரொட்டி சுட்டுப் போடுகிற தொழிற்கூடத்தின் முதலாளி. மாவு விலை ஏறும் முன் கோதுமையைப் பேசி வைத்துக்கொள்வதற்காக வருகிறவர். இவனுடைய முதல் வாடிக்கையாளர்.

அவள் குடையைக் கீழே வைக்கவில்லை. தண்ணீர் தரையில் சொட்டியது.

"நான்தான் வெட்டினேன்" என்றாள்.

"தெரியும். எத்தனை நாளா?"

"ரெண்டு வாரத்துக்கு மேல."

அவன் தாளை மடித்தான். "அது ஒண்ணுதான் அந்தப் பக்கத்துல நான் நிச்சயமா எழுதினது. மத்ததெல்லாம் யூகம்."

பின்னாலேயே படியேறி வந்த அண்ணி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வழக்கமாக அவளிடம் ஒரு சொல் தயாராக இருக்கும். அன்று அதில் சிரிப்பு இல்லை.

"என் துண்டை அவுத்துட்டியேம்மா."

அவள் அழுதுவிட்டாள்.

"இப்ப அழுது என்ன?" என்றாள் அண்ணி. குரல் கடுமையாக இருந்தது, கை மட்டும் குடையை வாங்கி மூலையில் சாத்தியது. "துணி நனைஞ்சாச்சு. பிழிஞ்சு காயப் போடற வழியைப் பாருங்க. அந்த மனுஷனை நேர்ல போய்ப் பாருங்க."

"வாடிக்கையாளர்கிட்ட வாயால எதுவும் சொல்லக் கூடாதுன்னு ஆபீஸ்ல விதி இருக்குக்கா. போனேன்னு தெரிஞ்சா மேசை போயிடும்."

"போகலைன்னா?"

அவன் மடித்த தாளைச் சட்டைப் பையில் வைத்தான்.

"நானும் வர்றேன்" என்றாள் அவள். வேற்று மனிதர் முன்னால் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசியறியாதவள் அதைச் சொன்னதும் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

விடிந்ததும் போனார்கள். சந்தை திறக்க நேரமிருந்தது. தொழிற்கூடத்துக்குள் நுழைந்ததும் குளிர் வாசலோடு நின்றுவிட்டது. அடுப்புகள் வரிசையாக வாயைத் திறந்து மூடின. தட்டுத் தட்டாக வெந்த ரொட்டிகள் தள்ளுவண்டிகளில் போய்க்கொண்டிருந்தன. எல்லார் புருவத்திலும் மாவு. ரொட்டிக்காரர் பருத்த உடம்புக்காரர். ஒரு ரொட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தட்டிக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி" என்றார். சிரிக்கவில்லை. "இது யாரு, வீட்டுக்காரம்மாவா? உட்காருங்கம்மா, அந்த மூட்டை மேல உட்காருங்க, கிழியாது."

அவள் உட்காரவில்லை. வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்து வந்ததை ஒரே மூச்சில் கொட்டினாள். "ஐயா, இவர் எழுதினதை நான்தான் திருத்தி அனுப்பறேன். அந்தக் கடைசி வரியை எழுதத்தான் செஞ்சார். நான் வெட்டிட்டேன்."

"ஏம்மா?"

"எடம் பத்தலை."

அவர் ஒரு கணம் பார்த்தார். அவளால் அந்தப் பதிலோடு நிற்க முடியவில்லை.

"எடம் மட்டும் இல்லைங்கய்யா. தினமும் அவரே அவரைக் குறைச்சுச் சொல்லிக்கறது எனக்குப் பிடிக்கலை."

"உங்களுக்குப் பிடிக்கலைன்னு என் கோதுமையை வெட்டிட்டீங்க!" அவர் குரல் அடுப்புச் சத்தத்தையும் மீறி எழுந்தது. தள்ளுவண்டிக்காரர் ஒருவர் நின்று பார்த்தார். "முன்னல்லாம் தம்பி போன்ல சொல்லும். அப்புறம் தாள் வந்துச்சு. பூராவும் தப்பு. எங்க கணக்கர் படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிப்பாரு. நான் சொல்வேன், சிரிக்காதய்யா, கடைசி வரியை மட்டும் படின்னு. அப்புறம் திடீர்னு தாள் சலவைக்குப் போட்ட மாதிரி வருது. ஒரு தப்பு இல்ல. கடைசி வரியும் இல்ல. நான் என்ன நெனப்பேன்? சரி, தம்பி பெரிய ஆளாயிட்டாரு, இப்பல்லாம் சந்தேகமே வர்றதில்லன்னு நெனச்சேன். வழக்கமா வாங்கறதைப் போல ரெண்டு மடங்கு வாங்கிட்டேன்."

"ஐயா" என்றான் அவன். "திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க. பேர் போட்டு அனுப்பினவன் நான். படிக்காம அனுப்பினதும் நான். அவ செஞ்சது பாதி, நான் செஞ்சது பாதி."

ரொட்டிக்காரர் கையிலிருந்த ரொட்டியை இரண்டாகப் பிய்த்தார். கோபத்தில் பிய்த்ததுதான். ஆனால் பிய்த்தபின் என்ன செய்வது என்று தெரியாமல் ஆளுக்குப் பாதியாக இருவரிடமும் நீட்டினார். "சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டு வந்திருக்க மாட்டீங்க."

சூடான ரொட்டி. அவள் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். அவன் மென்றுகொண்டே யோசித்தான். யோசிக்கும்போது அவன் முகம் அவள் பார்க்காத ஒரு முகமாக இருந்தது. வீட்டில் தாளின் முன் உட்காரும் முகம் இல்லை. கண்கள் எதையும் தேடவில்லை.

"ஐயா, ஒண்ணு கேக்கறேன். நீங்க வாங்கினதுல அடுப்புக்கு எவ்வளவு, ஆசைக்கு எவ்வளவு?"

"அப்படின்னா?"

"இந்த அடுப்புக்கு நீங்க எப்படியும் மாவு வாங்கித்தான் ஆகணும். அதுக்கு எடுத்தது ஒண்ணு. ஏறுதே, கொஞ்சம் கூட எடுப்போம்னு எடுத்தது ஒண்ணு."

ரொட்டிக்காரர் தலையைச் சொறிந்தார். மாவு உதிர்ந்தது. "பாதிக்குப் பாதின்னு வெச்சுக்குங்க."

"அடுப்புக்கு எடுத்ததை வெச்சுக்குங்க. நீங்க பேசி வெச்ச விலையே உங்களுக்குக் கட்டுப்படியாகற விலைதான். ஆசைக்கு எடுத்ததை இன்னிக்குச் சந்தை திறந்ததும் விட்டுடுங்க."

"திரும்ப ஏறிடுச்சுன்னா?"

"ஏறலாம்."

"என்னய்யா, 'ஏறலாம்'ங்கறே?"

"எனக்குத் தெரியாதுய்யா. தெரிஞ்ச மாதிரி சொன்னதுலதான் இவ்வளவும் வந்துச்சு."

ரொட்டிக்காரர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அன்று முதல் தடவையாகப் பல்லைக் காட்டினார். "இப்பத்தான்யா என் தம்பி பேசற மாதிரி இருக்கு."

வெளியே வந்ததும் மழை தூறியது. கையில் பாதி ரொட்டியோடு அவள் கேட்டாள். "மேலாளர்கிட்ட?"

"சொல்லித்தானே ஆகணும். நீ திருத்தறது, வெட்டினது, இங்க வந்தது எல்லாம். மூட்டையோட இறக்கி வெச்சுடறேன்."

"மேசை போயிடுமேங்க."

"போனா ரசீது அடுக்கறேன். அதுல எண் இருக்கும்ல" என்றான். சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

அன்று அவளுக்கு வேலை ஓடவில்லை. மாலையில் சீக்கிரம் வந்து கடையில் அண்ணிக்கு எதிரே உட்கார்ந்து, கேட்காமலே துணிகளை மடித்துக் கொடுத்தாள். இரண்டு பேரும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேசையை இழக்கிறவர்கள் தங்கள் பொருள்களை அன்றைக்கே எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டும் என்பது அந்த அலுவலகத்து வழக்கம். அவனுக்கென்று அங்கே இருந்தது ஒரு தேநீர்க் கோப்பையும் அந்த மஞ்சள் திண்டும்தான்.

"கையை வீசிட்டு வந்தான்னா பொழைச்சான்" என்றாள் அண்ணி.

தெருமுனையில் அவன் திரும்பினான். கக்கத்தில் மஞ்சளாக ஏதோ இருந்தது.

அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "போகட்டும் விடு" என்றாள், யாருக்கோ. "ரசீது அடுக்கறவனும் சோறுதான் திங்கறான்."

அவளுக்குக் கையிலிருந்த சட்டையை மடிக்கத் தெரியவில்லை. ஒரு கையை உள்ளே விட்டு, இன்னொரு கையை வெளியே விட்டு, மறுபடி பிரித்தாள்.

அவன் வந்து திண்டை மேசைமேல் போட்டான். "இதைக் கொஞ்சம் அலசிக் குடுக்கா. நாளைக்கு வேணும்."

"நாளைக்கா?"

"டீ கொட்டிடுச்சு. நான் இல்ல, அவர். கத்தும்போது கையை ஆட்டினாரா, கோப்பை எகிறிடுச்சு. கொட்டினதும் அவருக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. அதுக்கப்புறம் கொஞ்சம் மெதுவாத்தான் பேசினார்."

அண்ணி திண்டை எடுத்து அவன் முதுகிலேயே ஒன்று போட்டாள். "படுபாவி! தெருவுலேர்ந்தே ஒரு குரல் குடுக்கறதுக்கென்ன? இவ உசுரு இந்தச் சட்டைக்குள்ள மாட்டிக்கிட்டிருக்கு பாரு!"

அவன் சட்டையை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தான். பிறகு நின்றபடியே சொன்னான். மேலாளர் முதலில் அவனைப் பின்னறைக்கே போகச் சொல்லிவிட்டார். பிறகு என்ன தோன்றியதோ, அவன் இரண்டு வருடமாகச் செய்த வியாபாரங்களை வரவழைத்துத் திரையில் பார்த்தார்.

"பெரிய லாபம்னு எங்கயும் இல்ல. பெரிய பள்ளமும் இல்ல. எல்லா எடத்துலயும் சொன்ன எண் வந்ததும் வெளிய வந்திருக்கேன். அதையே பார்த்துக்கிட்டிருந்தார். அப்புறம் அந்த முத்தெழுத்துக்காரரோடதையும் எடுத்துப் பார்த்தார்."

"அது கந்தலா?" என்றாள் அண்ணி ஆவலாக.

"இல்லக்கா. அதுவும் நல்லாத்தான் இருக்கு. அதான் அவருக்கு எரிச்சல். அது கெட்டிருந்தாலாவது ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம். 'அப்ப எழுத்தை வெச்சு ஒண்ணுமே தெரியாதாய்யா?'ன்னு என்கிட்டயே கேக்கறார்."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள் அவள்.

"தெரியும் சார், எழுத்துல எனக்குக் கவனம் இல்லன்னு தெரியும், அவ்வளவுதான் தெரியும்னேன்." அவன் காதைச் சொறிந்தான். "என்கிட்ட இருக்கற கவனம் ஒரு சொம்புத் தண்ணி சார், அதை எந்தச் செடிக்கு ஊத்தறேன்னு பாருங்கன்னேன். 'மத்தவங்க சொம்புல ரெண்டு செடிக்கும் தண்ணி இருக்கே'ன்னார். அதுவும் உண்மைதானே. பேசாம இருந்துட்டேன்."

கடைசியில் மேலாளர் சொன்னது இது. ரொட்டிக்காரரிடம் நேரில் போனதற்கு எழுத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. காலாண்டுக் கெடு இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தாளில் பிழை இருக்கக் கூடாது, வீட்டில் திருத்தினாலும் ஆட்சேபம் இல்லை. ஆனால் திருத்தியதை அனுப்பும் முன் அவன் காதில் முழுதாக வாசிக்க வேண்டும். இன்னொன்றும் சொன்னார்: நாளை முதல் எல்லா மேசைக்காரர்களும் அந்தக் கடைசி வரியை எழுத வேண்டும்.

"முத்தெழுத்துக்காரருமா?"

"அவர் இன்னிக்கே ஒண்ணு எழுதிப் பார்த்தார். 'இந்த வரியை எழுதறதுக்குத்தான்யா ரொம்ப நேரம் ஆச்சு'ன்னார்."

மறுநாள் காலை சன்னலில் ஆவி படிந்தது. முட்டை வெந்தது. அவன் மூச்சை இழுத்துக்கொண்டு எழுதினான். அவள் திருத்தினாள். அடித்து முடித்ததும் எழுந்து நின்று வாசித்தாள். சொந்த வீட்டுச் சமையலறையில், சொந்தப் புருஷனுக்கு முன்னால், குரல் நடுங்கியது. படியில் தேநீருக்காக வந்த அண்ணி மூன்றாம் படியிலேயே நின்றுவிட்டாள்.

பாதியில் அவள் நிறுத்தினாள். "இங்க ஒரு 'ஒருவேளை' இருக்கு. அடுத்த வரியிலயும் இருக்கு. ரெண்டும் வேணுமா?"

அவன் கண்ணை மூடி யோசித்தான். "முதல்ல இருக்கறதை எடுத்துடு. அது நிச்சயம்தான். ரெண்டாவதை விட்டுடு."

எடுத்தாள். விட்டாள். கடைசி வரியை வாசிக்கும்போது குரல் நடுங்கவில்லை.

"சத்தம் பத்தலை" என்றாள் அண்ணி படியிலிருந்து. "ரொட்டிக்காரருக்குக் கேக்க வேணாமா?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு, காய்ந்தும் காயாத மஞ்சள் திண்டைக் கக்கத்தில் இடுக்கி இறங்கிப் போனான். அவளும் கிளம்ப வேண்டும். கிளம்பும் முன் பைக்குள் இருந்த பக்கங்களை எடுத்தாள். ஏழாம் வகுப்பு, பறவைகள் பாடம். அன்றைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தாள். தூர தேசம் போகும் பறவைகளைப் பற்றிய பத்தியின் முடிவில் ஆசிரியர் ஒரு வாக்கியம் எழுதியிருந்தார்: அவை வழியை எப்படிக் கண்டுபிடிக்கின்றன என்பது நமக்கு இன்னும் முழுதாகத் தெரியவில்லை. பிள்ளைகளைக் குழப்பும் என்று அதன்மேல் சிவப்பில் நேராக ஒரு கோடு இழுத்திருந்தாள்.

மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறி உண்டு. வெட்டியது தவறு என்று தெரிந்தால், வெட்டிய சொற்களுக்கு அடியில் வரிசையாகப் புள்ளி வைத்து, ஓரத்தில் ஒரு சொல் எழுதுவார்கள். அவளுக்கு அது அதிகம் தேவைப்பட்டதில்லை.

நின்றபடியே பேனாவைத் திறந்தாள். வாக்கியத்தின் அடியில் ஒவ்வொரு சொல்லுக்கும் புள்ளி வைத்துக்கொண்டே போனாள். ஓரத்தில் எழுதினாள்: இருக்கட்டும்.